கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வு

கல்லூரி வாயிலில் நிற்கும் மாணவருக்கு எழுத்துத் தேர்வைவிட மிகுந்த அச்சம் தருவது நேர்முகத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்குப் பாடத்திட்டம் உண்டு. பழைய வினாத்தாள்கள் உண்டு. விடை சரியா, தவறா என்று பின்னர் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும். நேர்முகத் தேர்விலோ சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அறையில் என்ன கேட்பார்கள், எதை வைத்து மதிப்பெண் இடுவார்கள் என்பது தெரிவதில்லை. நகரத்தில் வளர்ந்து, உறவினரிடமும் நண்பரிடமும் கேட்டறிய வாய்ப்புள்ள மாணவருக்கு இந்த அச்சம் குறைவு. குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் கிராமப்புற மாணவருக்கு அது பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் இத்தேர்வின் நோக்கமும் வரம்பும் நம் நாட்டில் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் விதிகளாலும் பெரும்பாலும் தெளிவாக்கப்பட்டுள்ளன. நடையுடை பாவனையை அளப்பது இதன் நோக்கமன்று. எழுத்துத் தேர்வில் வெளிப்படாத சிலவற்றைக் குறைந்த அளவில் அறிந்துகொள்வதற்கான துணைக் கருவியே இது. இந்த உண்மையை மாணவர் உணர்ந்தால் ஆயத்தம் எளிதாகும். தேர்வுக் குழுவினர் உணர்ந்தால் தேர்வு நேர்மையாகும்.

கலந்தாய்வு வேறு, நேர்முகத் தேர்வு வேறு

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். மருத்துவம், பொறியியல் ஆகிய படிப்புகளில் இன்று பெரும்பாலான இடங்கள் எழுத்துத் தேர்வின் தரவரிசையைக் கொண்டோ, பள்ளி இறுதித் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டோ நிரப்பப்படுகின்றன. அதன் பின்னர் நடைபெறுவது கலந்தாய்வு. அதில் மாணவர் தம் தரவரிசைப்படி கல்லூரியையும் பாடப் பிரிவையும் தெரிவு செய்கிறார். அவருடைய தகுதி அங்கே மீண்டும் அளக்கப்படுவதில்லை. சான்றிதழ்கள் ஒழுங்காக இருப்பதும், விருப்ப வரிசையை முன்கூட்டியே சிந்தித்து வைப்பதுமே அதற்குரிய ஆயத்தம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளநிலைப் படிப்புகளுக்கு 2022-ஆம் ஆண்டு முதல் பொது நுழைவுத் தேர்வு நடைமுறையில் உள்ளது.

மதிப்பெண் வழங்கும் நேர்முகத் தேர்வு இன்றும் நடைபெறும் இடங்கள் வேறு. இந்திய மேலாண்மைக் கழகங்கள் எழுத்துத் தேர்வுக்குப் பின்னர் நேர்முகத் தேர்வு நடத்துகின்றன. முனைவர் பட்ட ஆய்வுச் சேர்க்கை, சில தனியார் பல்கலைக்கழகங்கள், சில சிறுபான்மைக் கல்லூரிகள் ஆகியவற்றிலும் இம்முறை உண்டு. பள்ளிக் கல்வியைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையையோ பெற்றோரையோ தெரிவுச் சோதனைக்கு உட்படுத்துவதைத் தடை செய்துள்ளது. ஆகவே பலருக்கு வாழ்வின் முதல் நேர்முகத் தேர்வு கல்லூரிச் சேர்க்கையின்போதே அமைகிறது.

நீதிமன்றங்கள் வகுத்த எல்லை

நேர்முகத் தேர்வு செல்லத்தக்கதா என்ற கேள்வி 1964-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. மைசூர் மாநிலத்தில் பொறியியல், மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைப்பிடிக்கப்பட்ட முறையைப் பற்றியது அவ்வழக்கு. பொது அறிவு, நாட்டமும் ஆளுமையும், முந்தைய கல்விச் சாதனை, மாணவர் படை, விளையாட்டு, சமூகப் பணி போன்ற பாடப்புறச் செயல்கள் என்ற தலைப்புகளில் மதிப்பெண் வழங்கப்பட்டது. நேர்முகத் தேர்வைத் தெரிவு முறைகளுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

சில ஆண்டுகளில் அம்முறையின் குறைகளும் வெளிப்பட்டன. தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றிய பெரியகருப்பன் வழக்கில் 1970-ஆம் ஆண்டு தீர்ப்பு வழங்கப்பட்டது. அங்கே விருப்பப் பாடங்களுக்கு 200 மதிப்பெண்ணும் நேர்முகத் தேர்வுக்கு 75 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டிருந்தன. குறிப்பிட்ட தலைப்புகளின்கீழ் தனித்தனியே மதிப்பெண் இட வேண்டும் என்பது விதி. ஆனால் குழுவினர் தலைப்புகளைப் பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் இட்டனர். இது சட்டத்துக்கு மாறானது என்று நீதிமன்றம் கூறியது.

மிக முக்கியமானது ஸ்ரீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கு. 1980-ஆம் ஆண்டு நவம்பரில் இதன் தீர்ப்பு வெளியாயிற்று. அக்கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண். அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு நேர்முகத் தேர்வுக்கு அளிக்கப்பட்டது. ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு மூன்று நிமிடங்களே பேசினர். அதிலும் பெற்றோர் யார், எந்த ஊர் என்பன போன்ற, படிப்புக்குத் தொடர்பற்ற வினாக்களே கேட்கப்பட்டன என்பது மாணவர் தரப்பின் முறையீடு. இத்தகைய சேர்க்கையில் நேர்முகத் தேர்வுக்கு 15 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்று நீதிமன்றம் கருதியது. உரையாடலை ஒலிப்பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் கூறியது. கல்வியாண்டு வெகுவாகக் கடந்துவிட்டதால் முன்னர் அளித்த இடங்கள் நீக்கப்படவில்லை. எனினும் இடம் கிடைக்காதவர்களுள் சிறந்த 50 பேருக்குக் கூடுதலாக இடமளிக்க வழி செய்யப்பட்டது.

இந்த எல்லை எல்லா வகைத் தெரிவுகளுக்கும் மாறாத விதியாகப் பிற்காலத்தில் கொள்ளப்படவில்லை. அரசுப் பணிக்கு வருவோர் முதிர்ந்தவர்கள். அவர்களது ஆளுமையை அளக்க ஓரளவு இடமுண்டு. கல்லூரிக்கு வருவோரின் ஆளுமை இன்னும் வளர்ந்து கொண்டிருக்கிறது. ஆதலால் அங்கே எழுத்துத் தேர்வுக்கே பெருமதிப்புத் தர வேண்டும் என்று 1981-ஆம் ஆண்டு வந்த மற்றொரு தீர்ப்பு விளக்குகிறது. டெல்லியின் செயின்ட் ஸ்டீபன் கல்லூரி பற்றி 2022-ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் நேர்முகத் தேர்வின் 15 விழுக்காடு சிறுபான்மைப் பிரிவு மாணவருக்கு மட்டுமே பொருந்தும் என்றும், ஏனையோரைப் பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண் கொண்டே சேர்க்க வேண்டும் என்றும் கூறப்பட்டது.

15 விழுக்காட்டின் பொருள் என்ன?

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். எழுத்துத் தேர்வில் ஒரு மாணவர் 100-க்கு 80 பெறுகிறார்; மற்றொருவர் 55 பெறுகிறார். நேர்முகத் தேர்வுக்கு 50 மதிப்பெண் எனக் கொள்வோம். முதலாமவருக்கு 15-உம் இரண்டாமவருக்கு 41-உம் வழங்கப்பட்டால் மொத்தம் முறையே 95, 96 ஆகிறது. ஆண்டு முழுவதும் உழைத்துப் பெற்ற 25 மதிப்பெண் முன்னிலை சில நிமிடங்களில் அழிந்துவிடுகிறது.

இனி எழுத்துத் தேர்வுக்கு 85, நேர்முகத் தேர்வுக்கு 15 எனப் பகுத்துப் பார்க்கலாம். அதே திறமைக்கு முதலாமவர் 68 பெறுவார், இரண்டாமவர் 46.75 பெறுவார். நேர்முகத் தேர்வில் இரண்டாமவருக்கு முழு மதிப்பெண்ணும் முதலாமவருக்கு ஒன்றுமே இல்லாமலும் வழங்கினால்கூட 68-ஐ 61.75 எட்டாது. படிப்பில் நெருங்கிய நிலையில் உள்ளவர்களிடையே மட்டுமே நேர்முகத் தேர்வு வேறுபாடு காட்ட முடியும். மாணவர் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் ஒன்றுண்டு: எழுத்துத் தேர்வுக்கான உழைப்பே அடித்தளம், நேர்முகத் தேர்வுக்கான ஆயத்தம் அதன்மேல் எழுப்பும் சிறு சுவர்.

முனைவர் பட்ட ஆய்வுச் சேர்க்கையில் நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள், பல்கலைக்கழகம் நடத்தும் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்முகத் தேர்வுக்கு 30 விழுக்காடும் வகுத்துள்ளன. ஆய்வாளர் தாம் செய்யவிருக்கும் ஆய்வைத் தாமே விளக்க வேண்டியவர் என்பதால் இங்கே உரையாடலுக்கு இடம் மிகுதி; ஆயத்தமும் மிகுதியாக வேண்டும்.

நேர்முகத் தேர்வு எவ்வளவு அறிய வல்லது?

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் 1979-ஆம் ஆண்டு நடந்தது இங்கே கருதத்தக்கது. 150 மாணவர்களைத் தேர்ந்தெடுத்த பின்னர், மேலும் 50 பேரைச் சேர்க்குமாறு அப்பள்ளிக்கு ஆணை வந்தது. நேர்முகத் தேர்வுக்குப் பின் தரவரிசையில் கீழே தள்ளப்பட்டவர்களிலிருந்தே அந்த 50 பேரும் எடுக்கப்பட்டனர். பின்னர் இரு பிரிவினரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, படிப்பிலோ மருத்துவப் பயிற்சியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1987-ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளியாயிற்று. முறையான திட்டமின்றி நடத்தப்படும் உரையாடல், எதிர்காலத் திறனை முன்னறிவதில் குறைபாடுடையது. எல்லோரிடமும் ஒரேவகை வினாக்களை வரையறுத்த அளவுகோலுடன் கேட்கும் முறை அதைவிடச் சிறந்தது என்பதே தொடர்ந்து வந்த ஆய்வுகளின் போக்கு.

இடம் கிடைக்காத மாணவர் தம்மைத் தகுதியற்றவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கும், தேர்வுக் குழுவினர் தம் கணிப்பின்மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே சான்று.

மாணவரின் ஆயத்தம்

நேர்முகத் தேர்வுக்குப் பாடத்திட்டம் இல்லை என்பது முழுமையான உண்மையன்று. மாணவர் நிரப்பி அனுப்பிய விண்ணப்பமே அதன் முதற் பாடநூல். குழுவினர் முன்னால் இருப்பது அத்தாள்தான். ஆகவே அதன் படி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலிருந்தும் என்ன வினா எழக்கூடும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்கு என்ற இடத்தில் ‘நூல் வாசித்தல்’ என்று எழுதியவர், அண்மையில் படித்த நூல் எது, அதில் எதை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று கூற முடிய வேண்டும். கூற முடியாத ஒன்றை விண்ணப்பத்தில் எழுதாதிருப்பதே நல்லது.

இரண்டாவது, தம் பாடம். எல்லாப் பாடங்களையும் மேலோட்டமாகத் திருப்புவதைவிட, விருப்பமான இரண்டு மூன்று பகுதிகளை அடிவரை அறிந்து வைப்பது பயன் தரும். மனப்பாடம் செய்த சூத்திரத்தைவிட, அதன் காரணத்தை எளிய சொற்களில் விளக்கும் ஆற்றலையே குழுவினர் எதிர்பார்ப்பர். இயற்பியல் மாணவரிடம் இருப்புப்பாதை பற்றிக் கேட்கலாம். முற்காலத்தில் வெப்பத்தால் இரும்பு விரிவடைய இடம் தருவதற்காகத் தண்டவாளங்களுக்கிடையே இடைவெளி விட்டனர். இன்று நெடுந்தொலைவு பற்றவைத்த தண்டவாளங்களில் அந்த இடைவெளி இல்லையே, விரிவு எங்கே போயிற்று? குறுக்குக் கட்டைகளும் சரளைக் கற்களும் தண்டவாளத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதால் விரிவு தடைபட்டு, உலோகத்துக்குள் தகைவாகத் தங்குகிறது. இந்த விடை உடனே தோன்றாவிட்டாலும், ‘விரிவைத் தடுத்தால் விசை தோன்ற வேண்டும்’ என்று படிப்படியாகச் சிந்தித்துச் சொல்பவர் நன்மதிப்புப் பெறுவார்.

மூன்றாவது, தம் ஊர். கிராமப்புற மாணவர் தம் குறையாக நினைப்பது உண்மையில் அவருடைய முதல். மகாராட்டிர மாநிலம் நாசிக் மாவட்டத்திலிருந்து பொருளாதாரம் படிக்க வரும் மாணவரை எடுத்துக்கொள்வோம். அம்மாவட்டத்து லாசல்காவ் நாட்டின் பெரிய வெங்காயச் சந்தைகளுள் ஒன்று. அறுவடைக் காலத்தில் விலை ஏன் சரிகிறது, ரபிப் பருவ வெங்காயம் சேமித்து வைக்கத் தாங்குவதுபோல் காரிப் பருவ வெங்காயம் ஏன் தாங்குவதில்லை, ஏற்றுமதிக் கட்டுப்பாடு உழவரையும் நுகர்வோரையும் எவ்வாறு வெவ்வேறாகப் பாதிக்கிறது என்பவற்றை அவர் கண்கூடாகக் கண்டிருப்பார். பாடநூலின் தேவை, அளிப்பு என்ற கருத்துகளோடு அதை இணைத்துச் சொன்னால், நகர மாணவர் எவரும் தர இயலாத விடையாக அது அமையும். தம் மாவட்டத்தின் ஆறு, பயிர், தொழில், பாசனம், மக்கள் இடம்பெயர்தல் ஆகியவை பற்றி ஒவ்வொரு மாணவரும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி வைப்பது நலம்.

நான்காவது, ‘இப்படிப்பை ஏன் தெரிந்துகொண்டீர்கள்?’ என்ற வினா. நாட்டுக்குத் தொண்டு செய்ய விரும்புவதாகப் பொதுப்படச் சொல்வது பலரும் தரும் விடை. எந்த அனுபவம், எந்தப் பாடம், எந்த ஆசிரியர் இந்த ஆர்வத்தைத் தூண்டினார் என்று குறிப்பாகச் சொல்வதே நம்பிக்கை ஊட்டும். அக்கல்லூரியில் அப்பாடம் எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதையும் முன்னரே அறிந்திருக்க வேண்டும். ஆய்வுச் சேர்க்கைக்குச் செல்வோர் தம் ஆய்வு வினா, சான்றுகள் கிடைக்கும் இடம், ஆய்வு முறை, எதிர்பார்த்த தரவு கிடைக்காவிடில் மாற்று வழி ஆகிய நான்கையும் ஐந்து நிமிடங்களில் சொல்லப் பழகுவது இன்றியமையாதது.

ஐந்தாவது, பேச்சுப் பயிற்சி. ஆசிரியர் ஒருவரையும் நண்பர் இருவரையும் குழுவாக அமர்த்தி, மூன்று நான்கு முறை ஒத்திகை பார்க்கலாம். விடைகளை மனப்பாடம் செய்தல் கூடாது. கருத்துகளை மட்டுமே நினைவில் நிறுத்த வேண்டும். எந்த மொழியில் விடை கூறலாம் என்பதை அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்வதும், தெளிவில்லையெனில் எழுதிக் கேட்பதும் நல்லது. ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால் சிறிய வாக்கியங்களே போதும். நாளிதழில் நாள்தோறும் ஒரு செய்தியைத் தேர்ந்து, அதன் காரணத்தையும் விளைவையும் ஐந்து வரிகளில் எழுதி வந்தால் ஒரு திங்களில் பொது அறிவும் சொல்வன்மையும் ஒருங்கே வளரும்.

தேர்வு நாளன்று

மூலச் சான்றிதழ்களையும் அவற்றின் படிகளையும் விண்ணப்பத்தில் உள்ள வரிசையிலேயே அடுக்கி வைக்க வேண்டும். தொலைவிலிருந்து வருவோர் முந்திய நாளே வந்து சேர்வது உத்தமம். உடை தூய்மையாக இருந்தால் போதும். புதியதாகவோ விலை மிக்கதாகவோ இருக்க வேண்டியதில்லை.

வினா முழுவதையும் கேட்டபின் விடை தொடங்க வேண்டும். புரியவில்லையெனில் மீண்டும் சொல்லுமாறு பணிவுடன் கேட்பது குற்றமாகாது. அறியாத ஒன்றை அறிந்ததுபோல் சொல்ல முற்பட்டால் அடுத்த வினாவிலேயே அது வெளிப்பட்டுவிடும். ‘இது எனக்குத் தெரியாது, ஆனால் இவ்வாறு இருக்கலாம் என்று எண்ணுகிறேன்’ என்பது மதிக்கத்தக்க விடை. குழுவினர் மறுத்துப் பேசினால் அதைச் சினமாகக் கொள்ளலாகாது. காரணத்தைச் சொல்லித் தம் கருத்தை நிலைநாட்டலாம், தவறெனத் தோன்றினால் திருத்திக்கொள்ளலாம்.

தேர்வுக் குழுவினரின் கடமை

மாணவர் ஆயத்தமாக வருவது போலவே குழுவினரும் ஆயத்தமாக அமர வேண்டும். எந்தத் தலைப்புகளில் எவ்வளவு மதிப்பெண் என்பதை முன்கூட்டியே வகுத்து அறிவிக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பினரும் தலைப்புவாரியாகத் தனியே மதிப்பெண் இட்ட பின்னரே கலந்து பேச வேண்டும். இல்லையேல் மூத்த உறுப்பினரின் கருத்தே எல்லோரின் கருத்தாகிவிடும். அடிப்படை வினாக்கள் அனைவருக்கும் பொதுவாக இருத்தல் நன்று. குடும்ப வருவாய், சாதி, திருமணம் ஆகியவற்றைப் பற்றிய வினாக்களுக்கு அந்த அறையில் இடமில்லை. சலுகைக்குரிய விவரங்களைச் சான்றிதழ் சரிபார்க்கும் அலுவலரே பார்த்துக்கொள்வார்.

உறவினரோ வேண்டியவரோ விண்ணப்பித்திருந்தால் அவ்வுறுப்பினர் விலகிக்கொள்வது முறை. தாமே பயனடையக்கூடிய தெரிவில் ஒருவர் அமர்வது இயற்கை நீதிக்கு மாறானது என்பதை, 1969-ஆம் ஆண்டு கிரைபக் வழக்கில், வனப்பணித் தெரிவு ஒன்றை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி வகுத்த முறையும் கவனிக்கத்தக்கது. அங்கே மாணவர் ஒரே குழுவின்முன் அமராமல் பல சிறு நிலையங்களுக்குச் சென்று வெவ்வேறு மதிப்பீட்டாளரைச் சந்திக்கிறார். ஒருவரது விருப்புவெறுப்பு முழு முடிவையும் மாற்ற முடிவதில்லை.

முதல் வினா எளியதாக இருக்கட்டும். பதற்றத்தில் சொல் தடுமாறும் மாணவருக்குச் சற்று நேரம் கொடுத்தால், அவர் அறிந்தது வெளிவரும். உச்சரிப்பையும் சொல்லின் பொருளையும் பிரித்துப் பார்க்கக் குழுவினர் பழக வேண்டும். முடிவுக்குப் பின்னர், அரசு நிறுவனங்களிடம் தம் மதிப்பெண் விவரத்தைக் கேட்டு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மாணவர் விண்ணப்பிக்கலாம். பதிவுகளை ஒழுங்காக வைத்திருக்கும் குழுவுக்கு இதனால் சிறிதும் இடர்ப்பாடில்லை.

உயர்கல்வியின் இடங்கள் பெரும்பாலும் பொதுப் பணத்தால் உருவானவை. தான் கண்டதையும் கற்றதையும் நேர்மையாகச் சொல்ல மாணவர் பழகி வருவதும், அதைப் பொறுமையோடு கேட்கக் குழுவினர் அமர்வதும் சேரும்போதுதான், அந்த இடம் அதற்குரியவரிடம் போய்ச் சேரும்.